பன்னிரண்டு அடுக்கு வைத்தேன்

ஜன்னல் பக்கம் நீயே உட்கார் கண்ணு. எனக்கு வேண்டாம், இந்த மலையை நான் பார்த்தாயிற்று. நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் திரும்பிப் பார்த்தால் கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி தெரியும். வாந்தி வருமா? என்னிடம் கவர் இருக்கிறது, எலுமிச்சம்பழம் இருக்கிறது, இஞ்சி மிட்டாயும் இருக்கிறது. வராதா? சரி, எதற்கும் இந்தக் கவரைக் கையில் வைத்துக்கொள். வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்.

புது வேலையா? நர்ஸா? எந்த ஆஸ்பத்திரி? அட, அது எனக்கு இரண்டு ஸ்டாப் முன்னால்தான். இறங்கினதும் பாதை இரண்டாகப் பிரியும். இரு, நானே உன்னோடு இறங்கிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். எனக்கென்ன அவசரம், அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். "பரவால்லைங்க, விசாரிச்சுப் போய்க்கிறேன்" என்கிறாயா? அங்கே விசாரிப்பதற்கு யானைதான் நிற்கும்.

போனில் யார், அம்மாவா? எத்தனாவது வளைவு என்று கேட்கிறார்களா? சரியாகத்தான் கேட்கிறார்கள். முகத்தைச் சுளிக்காதே. கேட்க ஆள் இருக்கிறது என்று சந்தோஷப்படு.

என் பெயர் அமலோற்பவம். மேலே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர் மகள். என்.சி.சி.யில் மலையேற அனுப்பினார்கள், அதைப் பிடித்துக்கொண்டேன். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகிற வேலை, பதினைந்து வருடம். பிறகு நாற்பத்து மூன்றாவது வயதில் நியூசிலாந்துக்குப் போனேன். அங்கேயும் அதே வேலைதான். எட்டு சீசன் முடித்தேன். ஒன்பதாவது சீசன் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் அனுப்பவில்லை. நானாக வந்தேன். அதை நன்றாகக் கேட்டுக்கொள், யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீயே சொல், தப்பு யார் பேரில் என்று.

அங்கே பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இருபத்தோரு நாள் மலைப் பயிற்சி நடக்கும். ஏழு பிள்ளைகள், இரண்டு பேர் நாங்கள். ரோடு கிடையாது, கடை கிடையாது, போன் எடுக்காது. முதல் பதினேழு நாள் எல்லாம் சொல்லிக் கொடுப்போம். கூடாரம் எப்படிக் கட்டுவது, ஆற்றை எப்படிக் கைகோத்துக் கடப்பது, மேப்பில் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமவெளி, இப்படி. கடைசி நாலு நாள் அவர்களாகவே போக வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரம் பின்னால், அவர்கள் கண்ணில் படாமல் வருவோம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மூன்று விசில். மற்றபடி வழி தப்பினால் தப்பட்டும், சோறு கருகினால் கருகட்டும். அதுதான் சட்டம்.

என்னோடு இருந்தவன் ஹேமி. அந்த மண்ணுக்காரன், மாவோரி. என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஆனால் அவன்தான் தலைமை. நல்லவன். நான் சமைத்தால் பாத்திரத்தைச் சுரண்டிச் சாப்பிடுவான். அவன் அடிக்கடி சொல்வான்: "அமல், பதினேழு நாள் நாம செய்யறது வேலையே இல்ல. கடைசி நாலு நாள் ஒண்ணும் செய்யாம இருக்கோம் பாரு, அதுதான் வேலை."

ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒரு வேலையா? எங்கள் எஸ்டேட்டில் அப்படிச் சொன்னால் சூப்பர்வைசர் அரை நாள் கூலியை வெட்டிவிடுவார்.

அந்தக் குழுவில் டெஸ்ஸா என்று ஒரு பெண். பதினேழு வயது, நெட்டையாக, தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். வரிசையில் எப்போதும் கடைசி. முதல் நாள் மேப்பைக் கையில் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு வழி தெரியாது அமல். எங்க வீட்டுக் கார்ல ரெண்டு அண்ணன், எப்பவும் எனக்குப் பின் சீட்டுதான். முன்னாடி என்ன வருதுன்னு நான் பார்த்ததே இல்ல."

"இங்க காரே இல்லையே," என்றேன்.

"இருந்தாலும் நான் பின் சீட்டுதான்," என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் மேல் ஒரு கண். கால் கொப்புளத்துக்கு நானே பஞ்சு வைத்துக் கட்டினேன், அவள் பையில் கனமானதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். மேப் பார்க்கிற நேரத்தில் பக்கத்திலேயே நின்று, அவள் விரல் தப்பான கோட்டில் போனால் லேசாக இருமுவேன். ஹேமி ஒரு நாள், "அமல், உனக்கு இருமலுக்கு மருந்து வேணுமா?" என்று கேட்டான். எனக்கு இருமலே இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

கடைசி நாலு நாள் வந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை தலைமை. மூன்றாவது நாள்தான் கஷ்டமான நாள்: ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்திலிருந்து மேலே ஏறி, ஒரு சின்ன ஏரியைத் தாண்டி, இரண்டு சிகரத்துக்கு நடுவில் இருக்கிற கணவாயைக் கடக்க வேண்டும். பாதையே கிடையாது, கல்லும் புல்லும்தான். அந்த நாளுக்கு யார் தலைமை என்று சீட்டுக் குலுக்கினார்கள். டெஸ்ஸா பெயர் வந்தது.

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஊசி போடப் போகிறோம் என்றால் சின்னப் பிள்ளைகள் பார்க்குமே, அப்படி. உனக்குத் தெரியாதா, நீ நர்ஸ்.

இரண்டாவது நாள் மதியத்தோடு மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கூடாரத்தை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் பனிமூட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மலையில் பிறந்தவளுக்கு வாசனையே போதும். ஹேமியிடம், "மேல ஓடையில தண்ணி எவ்வளவுன்னு பார்த்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தண்ணீரையும் பார்த்தேன். பொய் இல்லை.

பார்த்துவிட்டு, ஓடைப் பிரிவிலிருந்து கணவாய் தாண்டும்வரை வழிக்கு அடையாளமாகக் கல் அடுக்கிக்கொண்டே போனேன். பன்னிரண்டு அடுக்கு. தப்பாகப் போகக் கூடிய இடம் ஒவ்வொன்றிலும் ஒன்று. வழியெல்லாம் கியா என்று ஒரு பச்சைக் கிளி கூடவே வந்தது. பெரிய திருட்டுப் பறவை அது, ஷூ லேசைக்கூட உருவும். அது ஒன்றுதான் சாட்சி.

அந்த ஊரில் எப்படி அடுக்குவார்கள் என்றால், தட்டைக் கல்லை ஒன்றன் மேல் ஒன்றாகக் கோபுரம் மாதிரி வைத்துக்கொண்டு போவார்கள். பலமாகக் காற்றடித்தால் விழுந்துவிடும். நான் வைத்தது வேறு. மூன்று கல்லை முக்கோணமாக நிறுத்தி, மேலே ஒரு தட்டைக் கல். காற்று நடுவில் புகுந்து போய்விடும், ஆடாது. அடுப்புக் கூட்டுகிற கைக்கு வேறு எப்படி வரும்? நான் யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

மறுநாள் சொன்ன மாதிரியே மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. டெஸ்ஸா மற்ற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போய், கணவாயைத் தாண்டி, மூன்று மணிக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். நானும் ஹேமியும் ஒரு மணி நேரம் பின்னால். ஹேமி வழியில் ஒரு அடுக்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

நாலாவது நாள் மதியம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசிச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும். டெஸ்ஸா எழுந்தாள். தோள் நிமிர்ந்திருந்தது கண்ணு, சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தாள்.

"நான் யாரையும் தொலைக்கல," என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். "வழியில பழைய கல் அடுக்கெல்லாம் இருந்துச்சு. யாரோ வேட்டைக்காரங்க எப்பவோ வெச்சிருக்கணும். நம்பலாமா வேணாமான்னு ஒவ்வொண்ணையும் மேப்போட சரிபார்த்துதான் போனேன். இனிமே நான் பின் சீட்டுல உட்கார மாட்டேன். எங்க அண்ணனுங்க கிட்ட சொல்லிடுங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர். எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்று எழுந்தேன். அங்கே கொடுக்கிற சின்ன காஸ் அடுப்பு ஆடும். அதனால் சுற்றி மூன்று கல்லை நிறுத்தி, அதன் மேல்தான் பாத்திரத்தை வைப்பேன். இருபத்தோரு நாளும் அப்படித்தான் வைத்தேன். "அமல் கிச்சன்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அன்றும் மூன்று கல்லை வைத்தேன். தண்ணீர் கொதிக்கும்வரை தூசி விழாமல் இருக்க மேலே ஒரு தட்டை வைத்தேன்.

டெஸ்ஸா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"அமல்," என்றாள். "அந்தக் கல்லெல்லாம் நீங்க வெச்சதா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? பொய் என் வாயில் வராது. "ஆமா, நான்தான். எவ்வளவு நல்லா நின்னுச்சு பார்த்தியா?" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பின்னே, மழையில் நாலு மணி நேரம் கல் தூக்கியவள் நான்.

அவள் கத்தவில்லை. அழவில்லை. கையில் கொடுத்த டீயைக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை. "எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போய் வேனில் உட்கார்ந்தாள்.

பின் சீட்டில்.

நான் என்ன எடுத்தேன்? சொல் கண்ணு. கொடுத்தவளைப் பார்த்து எடுத்தாய் என்றால் எப்படி இருக்கும்? ஏலக்காய் தட்டிப் போட்ட டீ அது. பொள்ளாச்சியிலிருந்து நான் கொண்டுபோன ஏலக்காய். அப்படியே ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. கடைசியில் அந்தக் கிளிதான் வந்து கோப்பையைத் தட்டிவிட்டது.

பிறகு ஹேமி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். மேசையில் ஒரு காகிதம். "ஒரே ஒரு வரி எழுது அமல். நான் செய்தது தவறு, இனி செய்ய மாட்டேன். அடுத்த குழு உன்னோடது," என்றான்.

"யாருக்காவது அடி பட்டுச்சா?" என்றேன்.

"இல்ல."

"யாராவது தொலைஞ்சாங்களா?"

"இல்ல."

"அப்ப எது தவறு?"

அவன் பேனாவைத் திறந்து என் பக்கம் தள்ளினான். "நீ அவளை நம்பல, அமல்," என்றான்.

கேட்டாயா? நம்பவில்லையாம். நம்பாதவளா அவள் மூட்டையைத் தூக்கினேன்? நம்பாதவளா அவ்வளவு இருமினேன்? பேனாவை மூடி அவன் பக்கம் தள்ளிவிட்டேன். ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டேன். அந்தக் காகிதம் இன்னும் என் பையில் இருக்கிறது, வெறுமையாக. கிழித்துப் போடவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன்.

மறுபடியும் அம்மாவா? இருபத்திரண்டு என்று சொல். போர்டை நான் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன்.

கதை அத்தோடு முடியவில்லை. போன வாரம் எனக்கு ஒரு செய்தி வந்தது. டெஸ்ஸாதான். அவள் அண்ணன்களோடு அதே மலைக்குத் திரும்பப் போயிருக்கிறாள். இவள் முன்னால், அவர்கள் பின்னால். படம் பார், இந்தா, இதுதான் அவள். கணவாயின் மேல் நிற்கிறாள். எழுதியிருப்பதைப் படிக்கிறேன், ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, உனக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"அன்னிக்கு வந்த அதே வழியில நடந்தேன். உங்க அடுக்கு ஒவ்வொண்ணையும் கலைச்சு, கல்லை எல்லாம் தரையில போட்டுட்டேன். மொத்தம் பதினொண்ணு. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவுல ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு ஏரிக்கரையில நின்னு அங்கதான் நான் ரொம்பப் பயந்தேன். எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். இடது பக்கம் தண்ணி விழற சத்தம் வந்துச்சு. தண்ணி விழுதுன்னா பள்ளம், அதனால வலது பக்கம் மேடேறிப் போவோம்னு முடிவு பண்ணேன். அது ஒண்ணாவது நானா செஞ்சதுன்னு இவ்வளவு நாள் நினைச்சிட்டிருந்தேன். இப்பதான் புரியுது. அந்த இடைவெளியையும் நீங்களேதான் விட்டு வெச்சிருக்கீங்க, நானா கண்டுபிடிச்ச மாதிரி எனக்குத் தோணட்டும்னு. அதுகூட என்னோடது இல்ல."

பார்த்தாயா, என்னை எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்திருக்கிறாள்! இடைவெளி விட்டு வைத்தேனாம். எனக்கு அந்த அளவுக்கெல்லாம் சாமர்த்தியம் கிடையாது. இடைவெளியே விடவில்லை. பன்னிரண்டு அடுக்கு வைத்தேன், பன்னிரண்டு. எட்டாவது அந்த ஏரிக்கு வலப்பக்கம் கரையோரமாக ஒரு பெரிய பாறை, அதன் மேல் இருக்கிறது. இருப்பதிலேயே பெரிய அடுக்கு அதுதான். அவள் கரையோரமாக வராமல் மேட்டில் ஏறிப் போயிருக்கிறாள், அதனால் கண்ணில் படவில்லை. திரும்பப் போனபோதும் மேட்டு வழியிலேயே போயிருக்கிறாள், அப்போதும் படவில்லை.

நான் பதில் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? பதினொன்று என்றே நினைத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் கலைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் ஒன்று நிற்கிறது. யாராலும் கலைக்க முடியாமல் என் பேர் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அது போதும் எனக்கு.

என்ன கேட்டாய்? பஸ் சத்தத்தில் காதில் விழவில்லை.

அந்த ஒரு மணி நேரம் அவள் யார் வைத்த கல்லைப் பார்த்துப் போனாள் என்றா?

யார் வைத்ததையும்... நான்தான் சொன்னேனே, எட்டாவதை அவள் பார்க்கவில்லை என்று. பார்க்காமல் எப்படிப் போனாள் என்றால், தண்ணீர்ச் சத்தத்தை வைத்து. இடது பக்கம் விழுந்துகொண்டிருந்தது, அதனால் வலது பக்கம். சரியான கணக்குதான். அதை நான் சொல்லிக் கொடுத்ததா என்றால்...

இல்லை. மேப்பு சொல்லிக் கொடுத்தேன், காம்பஸ் சொல்லிக் கொடுத்தேன். காதைக் கொடுத்துக் கேள் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஹேமியும் சொன்னதில்லை.

இஞ்சி மிட்டாய் சாப்பிடு. நான் கொஞ்சம் சும்மா இருக்கிறேன்.

முப்பத்தொன்று போய்விட்டது, நீ பார்த்தாயா? அதோ, பாறை மேல் வரையாடு. குட்டி தனியாக நிற்கிறது, தாய் எங்கேயோ.

சிக்னல் இருக்கிறதா உனக்கு? எனக்கும் ஒரு கோடு தெரிகிறது. இரு, கண்ணாடி எங்கே வைத்தேன்? இதோ. எழுதுகிறேன், நீ பார்த்துக்கொண்டே வா. "பன்னிரண்டு. எட்டாவது ஏரிக்கு வலப்பக்கம், கரையோரப் பாறை மேல் இருக்கிறது. அன்றைக்கு நீ அதைப் பார்க்கவில்லை. இடைவெளி நான் விட்டதில்லை." அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு எழுத்து இருக்கிறதா பார். கிடையாது. எழுதவும் மாட்டேன். நான் தப்பு செய்யவில்லை. கணக்கு தப்பாக இருந்தது, திருத்தினேன்.

கடைசியில் "அதனால் அது உன்னுடையது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாயா? நல்ல பெண் நீ. எனக்கும் விரல் அங்கேதான் போனது.

வேண்டாம். நாலு வரி கொடுத்திருக்கிறேன், மிச்சத்தை அவளே போட்டுக்கொள்வாள்.

போய்விட்டதா? ஒரு டிக் விழுந்திருக்கிறது. அங்கே இப்போது ராத்திரியாக இருக்கும். காலையில் பார்ப்பாள். பார்த்துவிட்டு என்ன செய்வாள்? திரும்ப மலையேறிப் போய் அந்த எட்டாவதையும் கலைப்பாளா? கலைத்தால் கலைக்கட்டும். நல்ல கல், கலைக்கக் கஷ்டப்படுவாள்.

நாற்பது முடிந்தது. அடுத்த ஸ்டாப் உன்னுடையது. பையை எடுத்துக்கொள். அந்தக் கவரைக் கொடு, அதற்கு வேலையே வரவில்லை.

நானா? நான் வரவில்லை கண்ணு. உட்கார்ந்தே இருக்கிறேன். இறங்கினதும் பாதை இரண்டாகப் பிரியும் என்று சொன்னேன் இல்லையா, அதில்...

ஒன்றுமில்லை. போ. ஆமாம், எந்தப் பக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, மழையும் இல்லை. அம்மா போன் பண்ணினால் நீயே சொல்லிக்கொள்.

அப்படிப் பார்த்துச் சிரிக்காதே. நான் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு முட்டி வலிக்கிறது, அதனால்தான் இறங்கவில்லை. கண்டக்டர், ஆள் இறங்கணும்! நிறுத்துங்க!